கயிறு பிடிக்க ஒரு ஆள்

தம்பி, அந்தப் பைய மட்டும் காலுக்குக் கீழ தள்ளிராதீங்க. இங்க கொடுங்க, மடியில வச்சுக்கிடுதேன். வாசனை வருதுல்லா? மக்ரூன். நம்ம சொந்தக் கடைச் சரக்கு. தூத்துக்குடியில எத்தனையோ கடை இருக்கு, நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா மக்ரூன்னா வாயில போட்டதும் காணாமப் போகணும். போனதுக்கப்புறம் முந்திரி மட்டும் கொஞ்ச நேரம் நாக்குல நிக்கணும். அது நம்ம பெர்க்மான்ஸ் பேக்கரியிலதான். பெர்க்மான்ஸ் நான்தான். இல்ல தம்பி, இப்பத் தர முடியாது, கோவிச்சுக்காதீங்க. இது கடலுக்குக் கொண்டு போறது. கயாக்குல உக்காந்தா எனக்கு வயித்தப் புரட்டும். வாயில ஒரு மக்ரூன் கிடந்தா அடங்கிரும்.

கயாக் தெரியும்லா? பிளாஸ்டிக்ல ஒல்லியா, நீளமா ஒரு படகு. ரெண்டு பேரு முன்னும் பின்னும் உக்காரலாம். எஞ்சின் கிடையாது, துடுப்புதான். அதுல ஏறிப் போய்த்தான் எங்க மாப்ள ஸ்கூபா குதிக்கான். முதுகுல காத்து சிலிண்டரக் கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில போறதுல்லா, அது. அவன் கீழ போவான், நான் மேல உக்காந்து கயித்தப் பிடிப்பேன். இந்த உடம்ப வச்சுக்கிட்டான்னு பாக்கீங்க. பாருங்க, பாருங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்காவ.

பஸ்ஸு வேம்பாரு போய்ச் சேர நேரம் கிடக்கு. சொல்லுதேன், கேளுங்க. யாராவது உங்ககிட்ட வந்து, பெர்க்மான்ஸுக்கு ஒண்ணுமே தெரியாது, கடைசி ஆளாத்தான் தெரிஞ்சதுன்னு சொன்னா நம்பாதீங்க. ஊரு அப்படித்தான் சொல்லுது. எனக்கு எல்லாம் முதல்லயே தெரியும். உறுதியாகாம இருந்துச்சு, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே தங்கச்சி. தெக்லா. அப்பா அம்மை போனதுக்கப்புறம் நான்தான் அவளுக்கு எல்லாம். கடையில கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால நின்னா அவ்வளவு பாந்தமா இருப்பா. அதிகமாப் பேச மாட்டா. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகலைன்னு ஊருக்குக் கவலை. எனக்குக் கவலை இல்லையா? ராத்திரி உறக்கம் வராது தம்பி. வந்த மாப்பிள்ளைய எல்லாம் நான்தான் தட்டிவிட்டேன்னு எங்க வீட்டுக்காரி ஜெசிந்தா சொல்லுவா. தட்டிவிடல. ஒரு சின்னப் பரீட்சை வச்சேன். வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா தட்டுல நாலு மக்ரூன் வைப்பேன். ஒருத்தன் பாதிய வச்சுட்டான். ஒருத்தன் ஜாஸ்தி இனிப்பா இருக்குன்னான். ஒருத்தன், கப்பல் கம்பெனியில பெரிய வேலை, காப்பியில முக்கித் தின்னான். முக்கி! மக்ரூன முக்கித் திங்கிறவன் பொண்டாட்டிய எப்படி வச்சுக் காப்பாத்துவான், நீங்களே சொல்லுங்க.

அப்பதான் நேவிசு வந்தான். வேம்பாருக்காரன். மாலத்தீவுல ஒரு ஹோட்டல்ல இருந்துக்கிட்டு வெள்ளக்காரங்கள ஸ்கூபாவுக்குக் கூட்டிட்டுப் போயி, மீனு பவளம் எல்லாம் காட்டுற வேலை. விட்டுட்டு வந்துட்டான். ஆரஞ்சு கலர்ல ஒரு கயாக்கு, நாலஞ்சு சிலிண்டரு, இதுதான் அவன் சொத்து. தூத்துக்குடியில ரூம் எடுத்துத் தங்கி, சொந்தமா இந்தத் தொழில ஆரம்பிக்கணும்னு அலைஞ்சான். பெரிய படகு வாங்க வசதியில்ல, சின்னதுல ஆரம்பிப்போம்னு கயாக்கு.

கடைக்கு வந்தான். மக்ரூன் வாங்கினான். மறுநாள் வந்தான். அதுக்கு மறுநாளும் வந்தான். மழைன்னாலும் வாரான், வெயில்னாலும் வாரான். தவக்காலம் வந்து, எங்க ஆளுங்க பூரா இனிப்ப விட்டுட்டு ஈஸ்டர் எப்பன்னு காத்துக் கிடக்காவ, அவன் மட்டும் குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து பொட்டலம் வாங்குதான். பாவபுண்ணியம் பாக்காம ஒருத்தன் வாங்குதான்னா, அவன் நாக்கு எப்பேர்ப்பட்ட நாக்கா இருக்கணும்! எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. தெக்லாகிட்டச் சொன்னேன், மக்ரூனோட அருமை தெரிஞ்ச மனுசன் ஊருல இவன் ஒருத்தன்தான்னு. அவ கண்ணாடிப் பெட்டியத் துடைச்சுக்கிட்டு இருந்தா. அந்த மாசம் அவ அதை ஓயாமத் துடைச்சா தம்பி. சுத்தத்துல திடீர்னு ஒரு அக்கறை.

ஒருநா நேவிசு என்கிட்ட வந்து, "அண்ணே, கடலுக்குள்ள எனக்குக் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆளு வேணும். நீங்க வரணும்"னான்.

எங்க ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதுல்லா. முத்துக்குளிக்க, சங்குகுளிக்கப் போன காலத்துல, கீழ போறவன் இடுப்புல கட்டின கயிறு படகுல மச்சான் கையிலதான் இருக்கும். கூடப்பிறந்தவனையும் நம்ப மாட்டாவ, கூட்டாளியையும் நம்ப மாட்டாவ, பொண்டாட்டிகூடப் பிறந்தவனத்தான் நம்புவாவ. ஏன்? கயித்த விட்டா அறுபடுறது அவன் தங்கச்சி தாலில்லா. இறுக்கிப் பிடிப்பான். இது எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நேவிசுக்கு மச்சான் யாரும் கிடையாது. கல்யாணமும் ஆகல. பாவம், வேற யாரு இருக்கா, அதான் என்னையக் கேக்கான்னு நினைச்சேன். சரின்னு சொல்லிட்டேன். உள்ள அடுப்படியில தெக்லா தட்டக் கீழ போட்டா. அன்னைக்கு அடுப்புல வச்ச மக்ரூன் பூராவும் கருகிப் போச்சு. நான் திட்டினேன். அவ சிரிக்கா.

முதநாள் கயாக்கப் பாத்ததும் எனக்கு வேர்த்துப் போச்சு. ஏன்னா அடியில ஓட்டை! ஒண்ணு ரெண்டு இல்ல, உக்காருற இடத்துலயே வரிசையா ஓட்டை. மேல விழுற தண்ணி வடிஞ்சு போறதுக்கு வச்சதாம். தண்ணி வெளிய போற ஓட்டை வழியா உள்ள வராதா, என்ன பேச்சு இது? நான் பேக்கரிக்காரன், விடுவேனா. மறுதடவ போகும்போது மைதா மாவக் கெட்டியாப் பிசைஞ்சு கொண்டு போயி, அவன் சிலிண்டர் எடுக்கப் போன நேரத்துல ஒரு ஓட்டை விடாம அடைச்சுட்டேன். கடலுக்குள்ள போனதும் அலைத் தண்ணி வந்து உக்காருற இடத்துல தேங்கிருச்சு, வடியவே இல்ல. நான் இடுப்பளவு தண்ணியில, தொட்டியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கேன். அடியில டப் டப்புன்னு சத்தம். குனிஞ்சு பாத்தா, ஆயிரம் மீனு தம்பி! மாவக் கொத்துது! நேவிசு கீழயிருந்து நிமிர்ந்து பாத்திருக்கான், கயாக்கே தெரியலையாம், மீனா இருந்துச்சாம். மேல வந்து சிரிச்சான் பாருங்க, வாயில இருந்த காத்துக் குழாய் தெறிச்சுப் போச்சு. நானும் சிரிச்சேன். அன்னையிலயிருந்து எனக்கு அவனப் பிடிச்சுப் போச்சு.

வேலை ஒண்ணும் பெருசில்ல. நங்கூரத்தப் போடணும். சிலிண்டரக் கட்டின சட்டைய அவன் முதல்ல தண்ணியில மிதக்க விட்டுட்டு, பின்னாலயே குதிச்சு, தண்ணியிலயே மாட்டிக்கிடுவான். மேல வச்சு மாட்டினா கயாக்கு கவுந்துரும். திரும்பி ஏறும்போது நான் எதிர்ப்பக்கம் சாயணும், அவன் வயித்தால வழுக்கி ஏறுவான். எடைக்கு என்னைய விட நல்ல ஆளு கிடைக்குமா? கயிறு ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். மூணு இழுத்தா தூக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கேன்னு தெரிஞ்சதும் கயித்த இருக்கையில சுத்திக் கட்டிட்டு, ஒரு மக்ரூன வாயில போட்டு, நான் ஒரு உறக்கம் உறங்கிருவேன். என்னவாம்? நமக்கென்ன, சும்மா பழகின பழக்கத்துக்கு உதவப் போற ஆளுதான.

கரைக்கு வந்தா ஒரே மரியாதை தம்பி. "என்ன பெர்க்மான்ஸ், கயித்தப் பிடிச்சாச்சா?"ன்னு கேப்பாவ. "ஆமா, பிடிச்சாச்சு"ன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். "விட்டுராதீரும்!"பாவ. எல்லாருக்கும் சிரிப்பு. கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா சாமியாரு என் தோளத் தட்டி, "கயிறு பத்திரம்"னாரு. ஒரு பேக்கரிக்காரன் கடலுக்குப் போறது ஊருக்கே பெருமையா இருந்திருக்கு.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நேவிசு கடைக்கு வந்தா பொட்டலத்த வாங்கிட்டுப் போக மாட்டான். உள்ள அடுப்படியவே எட்டி எட்டிப் பாப்பான். தெக்லா மாவு அடிக்கிற இடத்தையே பாப்பான். எதுக்குப் பாப்பான்? நாலு மாசமா தெனம் மக்ரூன் வாங்குறவன் அடுப்படிய எதுக்குப் பாப்பான்? பக்குவத்துக்குத்தான்! எங்க அப்பா எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த பக்குவம். எதிர்க்கடைக்காரரு அதுக்காக நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுதாரு. நேவிசும் அதுக்குத்தான் அடி போடுதான்னு எனக்குப் பட்டுச்சு. மனசு விட்டுப் போச்சு தம்பி. ஆனாலும் கொடுக்கக் கூடாதுன்னு உறுதி பண்ணிட்டேன்.

சொல்லி வச்ச மாதிரி ஒருநா கடலுக்குள்ள, மேல வந்து கயாக்கு விளிம்பப் பிடிச்சுக்கிட்டு, கண்ணாடியக் கழட்டுதான். முகமெல்லாம் சிவந்திருக்கு. "அண்ணே, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"னான்.

"நீ என்ன கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும் நேவிசு. கேக்காத. முடியாது"ன்னேன்.

அவன் ஏறினான், துடுப்புப் போட்டான், கரைக்கு வந்தோம். மறுநாள் கடைக்கு வரல. அடுத்த வாரமும் வரல. கயித்துக்கும் கூப்பிடல. எனக்குச் சோறு இறங்கல. கடை வாசல்ல ஆரஞ்சு கலர்ல எதாவது போனாக்கூட எட்டிப் பாப்பேன். தெக்லா அடுப்படியில நின்னு அழுவுதா. நல்ல வாடிக்கை போச்சேன்னு அவளுக்கு அவ்வளவு வருத்தம். வியாபாரத்துல என்னைய விட அக்கறை. ஜெசிந்தாகிட்ட இதச் சொன்னேன். அவ என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீங்க போயி மாவப் பிசைங்க"ன்னா.

ஈஸ்டருக்கு மறுநா கேள்விப்பட்டேன், நேவிசு சாமான எல்லாம் கட்டிட்டான், கடைசியா ஒருதடவ கடலுக்குப் போயிட்டு மாலத்தீவுக்கே திரும்பப் போறான்னு. அதுவும் தனியாப் போறான், கயிறு பிடிக்க ஆளில்லாம. எனக்குப் பகீர்னுது. ஒரு பக்குவம் பெருசா, மனுசன் பெருசா? கொடுத்துட்டுப் போறேன்னு கிளம்பிட்டேன். ஈஸ்டருக்கு எடுத்த புது வேட்டியோட ஓடுதேன். பின்னால தெக்லா ஓடி வாரா. எதுக்கு வாரான்னு கேக்க நேரமில்ல.

கடற்கரை நிறைய லீவுக் கூட்டம். நேவிசு இடுப்பளவு தண்ணியில கயாக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். கயாக்குப் பின்னால கட்டின கயிறு அலையில இழுபடுது. நான் கரையில நின்னு கத்துதேன், "நேவிசு! முட்டை வெள்ளைக்கருவ முந்தின நாளே பிரிச்சு வைக்கணும்!"

"என்னண்ணே?"

"ஈரக்காத்து அடிக்கிற அன்னைக்கு அடிக்கக் கூடாது! முந்திரிய அரைக்காத, இடி! சீனிய ஒரேயடியாப் போட்டா நுரை செத்துரும்!" தொண்டை கிழியக் கத்துதேன். எதிர்க்கடைக்காரரு நடக்க வந்தவரு, செல்போன எடுத்துப் பதிவு பண்ணுதாரு. பண்ணட்டும்!

"எதுக்குண்ணே இதெல்லாம் சொல்லுதிய?"

"பக்குவம்டா! நீ கேக்க வந்தது!"

"நான் அதக் கேக்க வரலையே!"

"பின்ன என்னத்தக் கேக்க வந்த?"

 அவன் எனக்குப் பின்னால நிக்கிற தெக்லாவப் பாத்தான். அப்புறம் சத்தமா, துறைமுகத்துக்கே கேக்குற மாதிரி, "தெக்லாவத்தான் கேக்க வந்தேன்! எனக்கு மக்ரூனே பிடிக்காதுண்ணே! இனிப்பே ஆகாது! ஒண்ணுகூட முழுசாத் தின்னதில்ல! வாங்கினது அவ்வளவையும் கீழ கொண்டுபோயி மீனுக்குத்தான் போட்டேன்! உங்க பரீட்சைக்குப் பயந்து, பிடிக்காதுன்னு சொல்லக் கூடாதுன்னு தெக்லாதான் சொல்லி வச்சா!"ன்னுட்டான்.

பொண்ணு கேட்டான், அது தப்பில்ல தம்பி. ஊரு முன்னால கேட்டான், அதுவும் போகட்டும். ஆனா மக்ரூன் பிடிக்காதா? நாலு மாசமா மீனுக்கா? எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஆனா பாத்தீங்களா, அன்னைக்கு அத்தனை மீனு எதுக்கு வந்துச்சுன்னு இப்பல்லா புரியுது. மீனுக்குக்கூட அருமை தெரிஞ்சிருக்கு.

நான் அதே நினைப்புல நிக்கேன், தெக்லா என்னையத் தாண்டிப் போறா. செருப்போட தண்ணிக்குள்ள இறங்கி, நேரா நடந்து போயி, கயாக்குல ஒரு காலத் தூக்கி வச்சா. எதிர்ப்பக்கம் சாய ஆளு வேணும்லா? நான் கரையிலல்லா நிக்கேன்! கவுந்துட்டு. அவளும் அவனும் சிலிண்டரும் எல்லாம் தண்ணிக்குள்ள. ஒரு அலை வந்து கயாக்க இழுத்துட்டுப் போகுது. அவளுக்கு நீச்சல் தெரியாது. கயாக்கப் பிடிச்சுத் தொங்குதா, அவன் அவளப் பிடிச்சிருக்கான். ரெண்டு தலைதான் தெரியுது. சத்தம் கேக்குது.

எப்படி ஓடினேன்னு எனக்குத் தெரியாது. வேட்டி எங்க போச்சுன்னும் தெரியாது, நல்லவேளை உள்ள கால்சட்டை போட்டிருந்தேன். மிதந்து போற கயித்து நுனியப் பாய்ஞ்சு பிடிச்சேன். இழுத்தேன் பாருங்க! என் வயித்துல மணல் ஏறுது, வாயில உப்புத் தண்ணி ஏறுது, விடல. அப்ப கரையில ஒருத்தன் கத்தினான், "மச்சான் கயித்தப் பிடிச்சுட்டாருடோய்!" கூட்டமே விசில் அடிக்குது.

அப்பதான் தம்பி... முதல்லயே தெரியும்தான், உறுதியானது அப்பதான்.

கிட்ட இழுத்துப் பாத்தா, அழுகைன்னு நான் நினைச்ச சத்தம் சிரிப்பு. தெக்லா சிரிக்கா. முடியெல்லாம் முகத்துல ஒட்டி, கயாக்கக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, மூச்சு விட முடியாமச் சிரிக்கா. எங்க தங்கச்சிக்கு இப்படிச் சிரிக்க வரும்னு எனக்குத் தெரியாது. எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. நேவிசு வந்து, "மச்சான், விடுங்க, கரைக்கு வந்தாச்சு"ன்னான். மச்சான்னு அன்னைக்குத்தான் முதல்ல கூப்பிட்டான். நான் விடல. கைய விரிச்சுத்தான் கயித்த எடுத்தாவ.

மாப்ள மாலத்தீவுக்குப் போகல, சொந்த ஊருலயே தொழில ஆரம்பிச்சுட்டான். வேம்பாருலதான் கல்யாணம். பந்தியில மக்ரூன் வச்சேன். மாப்ள இலையில மட்டும் வைக்கல. எவ்வளவு பெரிய மனசு எனக்குன்னு யாராவது சொல்லுவாவன்னு பாத்தேன், ஒருத்தரும் சொல்லல. அவனோட மாலத்தீவுக் கூட்டாளி ஒருத்தன் வந்திருந்தான். அவன்கிட்ட நான் கயித்துக் கதையப் பெருமையாச் சொன்னா, "ஸ்கூபாவுக்குக் கயிறா? எதுக்கு? நாங்க யாரும் கட்டுறதில்லையே"ங்கான்! கயிறே தேவையில்லையாம் தம்பி! மாப்ளயத் திரும்பிப் பாத்தேன். அவன் குனிஞ்சு ரசத்தக் குடிக்கான்.

தேவையில்லைன்னா விட்டுரவா முடியும்? முந்தி கயித்த இருக்கையில கட்டிப்போட்டு உறங்கினேன்னு சொன்னேன்லா? இப்ப உறக்கமே வர மாட்டேங்குது. கையிலயே சுத்திக்கிட்டு, குமிழி வருதா, குமிழி வருதான்னு தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு இழுப்பு வரக் கொஞ்சம் பிந்தினா நெஞ்சு அடிச்சுக்கிடுது. தங்கச்சி புருசன்லா கீழ இருக்கான். சனிக்கிழமையானா கடைய ஜெசிந்தாகிட்ட விட்டுட்டு இந்த பஸ்ஸப் பிடிச்சு ஓடி வந்துருதேன்.

அந்தா கோயில் கோபுரம் தெரியுது பாருங்க, வேம்பாருதான். கண்டக்டர், இறங்கணும்! தம்பி, இந்தப் பையத் திறங்க, மேல இருக்கிற பொட்டலத்த எடுங்க. அடியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா? புதுக் கயிறு. நேத்துதான் கடையில தடவித் தடவிப் பாத்து வாங்கினேன். எதுக்கா? தெக்லா நீச்சல் படிச்சுட்டா, ஸ்கூபாவும் படிச்சுட்டா. இன்னைக்கு முதல்தடவையா அவளும் கடலுக்கு அடியில போறா. அவனுக்கு ஒரு கயிறு, அவளுக்கு ஒரு கயிறு.

இந்தாங்க, மக்ரூன நீங்களே வச்சுக்கோங்க. வாந்தி வந்தா வரட்டும். எனக்கு இன்னைக்கு ரெண்டு கையும் ஒழியாது.